மகன் எதிரில் சொல்லக் கூசும் அந்த ஒரு பதில்... ஆஸ்டியோபதி சிகிச்சைக்குப் போகும் முன்!

லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கும் ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது அறுபத்திரண்டு. பெட்டியில் சாம்பார்பொடி, வசம்பு, பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் என்று எல்லாம் எடுத்துப் போனவர், தன் பிரஷர் மாத்திரையைத்தான் ஒரு மாதத்துக்குக் குறைவாக எடுத்துப் போயிருப்பார். அம்மாக்கள் அப்படித்தான்.

ஒருநாள் தொட்டிலில் இருந்து குழந்தையைக் குனிந்து தூக்கும்போது இடுப்பில் ‘சுரீர்’ என்று ஒரு பிடிப்பு. தைலம் தேய்த்தாயிற்று. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயிற்று. நாலு நாளில் வலி காலுக்கு இறங்குகிறது. ஜி.பி. டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும்போல இருக்கிறது. மகன் போனைத் தடவுகிறான். வீட்டில் இருந்து பத்து நிமிட நடையில் ஓர் ஆஸ்டியோபாத் இருக்கிறார். நாளை மறுநாள் நேரம் காலியாக இருக்கிறது.

“அவர் ஆர்த்தோ டாக்டராப்பா?” என்கிறார் அம்மா.

“கிட்டத்தட்ட அப்படித்தாம்மா.”

அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஆர்த்தோ என்றால் எலும்பு அறுவை மருத்துவர். ஆஸ்டியோபோரோசிஸ் என்றால் எலும்பு மெலியும் நோய். ஹோமியோபதி என்றால் இனிப்பு உருண்டை. இவை எல்லாவற்றின் சாயலிலும் பெயர் இருக்கிற ஆஸ்டியோபதி, இவை எதுவுமே இல்லை. தசை, மூட்டு, முதுகெலும்பு ஆகியவற்றைக் கையாலேயே தடவிப் பார்த்து, அழுத்தி, நீட்டி, அசைத்துச் செய்யும் சிகிச்சை அது. மருந்து கிடையாது. ஊசி கிடையாது. கத்தி கிடையாது.

நம்மூரிலும் சென்னை, கோவை போன்ற நகரங்களில் இந்தப் போர்டுகள் தென்பட ஆரம்பித்துவிட்டன. அதைவிட வேகமாக ரீல்ஸ் வந்துவிட்டது. படுத்திருப்பவரின் கழுத்தை ஒருவர் ‘டக்’ என்று திருப்புகிறார். எழுந்து உட்காருபவர் கண்ணில் நீர் தளும்பச் சிரிக்கிறார். முப்பது நொடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த வீடியோவில் வராத மிச்ச நாற்பது நிமிடம்தான் புதிதாகப் போகிறவருக்கு முக்கியம்.

யார் இவர்கள்?

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்கர். 1828-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1864-ல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் வீட்டில் மூன்று பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அன்றைய மருத்துவம் என்றால் பாதரசம், அபின், ரத்தத்தை வடியவிடுவது. அவரே மருத்துவம் பார்த்தவர்தான். இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த மருத்துவத்தின் மேலேயே அவருக்கு நம்பிக்கை விட்டுப்போனது. எலும்பும் மூட்டும் சரியாக இருந்தால் ரத்த ஓட்டம் சரியாகும், ரத்த ஓட்டம் சரியானால் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று 1874-ல் அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கெர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் கல்லூரி திறந்தார். பெண்களையும் முதல் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்ட கல்லூரி அது.

எல்லா நோய்க்கும் எலும்புதான் மூலம் என்ற அவருடைய கருத்து இன்றைய அறிவியலில் நிற்காது. ஆனால், அவர் விதைத்தது இரண்டு விதமாக முளைத்தது. நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமும் அதுதான்.

அமெரிக்காவில் அந்தக் கல்லூரிகள் காலப்போக்கில் முழு அலோபதி மருத்துவத்தையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டன. அங்கே பெயருக்குப் பின்னால் ‘டி.ஓ.’ என்று போட்டிருப்பவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சை செய்வார், ஐ.சி.யு.வில் வேலை பார்ப்பார். எம்.டி. என்று போட்டிருப்பவருக்கு இருக்கும் உரிமை எல்லாம் அவருக்கும் உண்டு. டெக்சாஸில் இருக்கும் மகள், “எங்க டாக்டர் டி.ஓ.” என்று சொன்னால் ஊரில் இருக்கும் அப்பா பதற வேண்டியதில்லை.

பிரிட்டனில் கதை வேறு. ஸ்டில்லிடம் படித்த ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917-ல் லண்டனில் பள்ளி தொடங்கினார். அந்த வழியில் வந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். கைச் சிகிச்சைக்கென்றே பல ஆண்டுகள் பட்டப்படிப்பு படித்தவர்கள். மருந்து எழுத மாட்டார்கள். ஆனால் சட்டத்தின் பிடிக்குள் இருக்கிறார்கள். 1993-ல் இவர்களுக்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் தன்னை ‘ஆஸ்டியோபாத்’ என்று அழைத்துக்கொண்டால் அங்கே அது குற்றம். அந்தப் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது. பெயரைத் தட்டினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த மகன் கூகுளில் நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.

கைரோபிராக்டிக் என்பது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. 1895-ல் அதே அமெரிக்காவில் பிறந்தது. முதுகெலும்பைச் சொடுக்கிவிடுவதில் அவர்களுக்கு நாட்டம் அதிகம். ரீல்ஸில் பார்ப்பது பெரும்பாலும் அவர்களைத்தான்.

கேள்விகள்தான் பாதி சிகிச்சை

முதல் முறை போனால் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதில் கணிசமான நேரம் பேச்சிலேயே போகும். “வலிக்கிற இடத்தைத் தொடாம என்னென்னமோ கேட்டுக்கிட்டே இருக்காரே” என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் கேட்பவர்தான் நல்ல ஆஸ்டியோபாத். உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடம் கட்டிலில் படுக்கச் சொல்பவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

வலி எப்போது வந்தது? நடந்தால் கூடுகிறதா, உட்கார்ந்தால் கூடுகிறதா? ராத்திரி புரண்டு படுத்தாலும் விடாமல் வலிக்கிறதா? காரணமே இல்லாமல் எடை குறைந்ததா? சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறதா? எப்போதாவது கேன்சர் இருந்ததா? காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டதுண்டா? ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் எடுத்ததுண்டா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு பயம் இருக்கிறது. மாதவிடாய் நின்று பல வருடம் ஆன பெண்ணுக்கு எலும்பு மெலிந்திருந்தால், குழந்தையைக் குனிந்து தூக்கியதிலேயே முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கி முறிந்திருக்கலாம். அந்த முதுகில் கையை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? முதுகெலும்பைக் காசநோய் அரிக்கும் என்பது வெளிநாட்டுக்காரர்களுக்குச் சட்டென்று தோன்றாது. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, நம்மவர்கள் அதை மறக்கக் கூடாது. ருமட்டாய்டு மூட்டுவாதம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்ந்துபோயிருக்கும் வாய்ப்பு உண்டு. அவர்கள் கழுத்தைத் திருப்பவே கூடாது.

இத்தனை கேள்விகளுக்கு நடுவே, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும். சிறுநீர், மலம் கழிப்பதில் ஏதாவது மாற்றம் உண்டா? தொடைகளுக்கு நடுவே, உட்கார்ந்தால் நாற்காலியில் படும் இடத்தில், மரத்துப்போன மாதிரி இருக்கிறதா?

இங்கே அந்த லண்டன் அம்மாவைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஆங்கிலம் வராது. மகன்தான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்டியோபாத் ஆங்கிலத்தில் விலாவாரியாகக் கேட்டதை மகன் கூச்சத்தில் சுருக்கிவிடுகிறான்.

“பாத்ரூமெல்லாம் ஒழுங்கா போகுதாம்மா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா.”

இரண்டே வரி. நிஜத்தில் இரண்டு நாளாகச் சிறுநீர் போவதே அவருக்குத் தெரியவில்லை. குளிருக்கு அப்படி இருக்கும், வயசாகிவிட்டது என்று அவரே ஒரு சமாதானம் வைத்திருக்கிறார். பெற்ற பிள்ளையிடம் அதைச் சொல்ல எந்த அம்மாவுக்கு வாய் வரும்?

முதுகுத்தண்டின் உள்ளே தண்டுவடம் இடுப்பின் மேல் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. பார்ப்பதற்குக் குதிரைவால் மாதிரி இருப்பதால் லத்தீன் மொழியில் அதே பொருளில் ‘காடா ஈக்வைனா’ என்று பெயர். சிறுநீர், மலம், தாம்பத்யம் மூன்றுக்கும் போகிற நரம்புகள் அதில் இருக்கின்றன. டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி அந்தக் கொத்தை நெருக்கினால், வலி ஒருபக்கம் இருக்க, மேலே சொன்ன மரமரப்பும் கட்டுப்பாட்டு இழப்பும் வரும். சிலருக்கு இரண்டு கால்களிலும் வலியோ தளர்ச்சியோ சேர்ந்து வரும். தாமதமில்லாமல் எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் அறுவை செய்து அழுத்தத்தை நீக்க வேண்டும். நேரம் கடந்தால் பாதிப்பு ஆயுள் முழுக்கத் தங்கிவிடலாம்.

இது அரிதான நிலை. முதுகுவலி வந்த எல்லோரும் ராத்திரி தூக்கம் கெட்டு இதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு வெட்கப்பட்டுச் சொல்லும் ‘ஒண்ணும் இல்ல’வுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் விலை மிகப் பெரியது. கூடப் போவது மகளோ மருமகளோ ஆக இருந்தால் நல்லது. இல்லை என்றால் உறவினர் அல்லாத மொழிபெயர்ப்பாளரைப் போனில் இணைக்க முடியுமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். மகன்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அந்தக் கேள்வி வரும்போது ஐந்து நிமிடம் வெளியே போய் நின்றால் போதும்.

சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். ‘அது வெறும் லேகியம்தானே’ என்று சித்த, ஆயுர்வேத மருந்துகளை மறைக்க வேண்டாம். எழுபது வயதுக்காரர்கள் பலர் ‘இதய மாத்திரை’ என்று மட்டும் சொல்வார்கள். அதில் ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருக்கிறதா என்பது சிகிச்சை செய்பவருக்குத் தெரிய வேண்டும்.

உடை, கூச்சம், சம்மதம்

அடுத்தது சோதனை. நிற்கச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், பக்கவாட்டில் சாயச் சொல்வார்கள். முட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். பிரிட்டனில் பல கிளினிக்குகளில் மேலாடையைக் களைந்து உள்ளாடையோடு நிற்கச் சொல்வது வழக்கம். முதுகெலும்பு வளைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. ஆறு கெஜம் சேலையில் போன அம்மாவுக்கு இது எப்பேர்ப்பட்ட அதிர்ச்சி என்று சொல்லத் தேவையில்லை.

‘முடியாது’ என்று சொல்ல முழு உரிமை உண்டு. கவுன் கேட்கலாம். தளர்வான டி-ஷர்ட், பைஜாமாவோடு போய், ‘இதோடே பாருங்கள்’ எனலாம். பெண் ஆஸ்டியோபாத்தான் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லலாம். கூட ஒருவர் அறையிலேயே இருக்கலாம். என்ன செய்யப் போகிறேன், ஏன் செய்யப் போகிறேன், என்ன ஆபத்து என்று விளக்கி, சம்மதம் வாங்கிய பிறகே கை வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஒருமுறை தலையாட்டியதால் கடைசிவரை ஒத்துக்கொண்டதாகவும் ஆகாது. நடுவில் ‘போதும்’ என்றால் நிறுத்த வேண்டும். இது லண்டனுக்கு மட்டும் உரிய நியாயம் அல்ல. சென்னையில் பூட்டிய அறைக்குள் ஒருவர் உடம்பைத் தொடும்போதும் இதே அளவுகோல்தான்.

அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது?

கைவேலையில் பல வகை இருக்கிறது. இறுகிய தசையை அழுத்தித் தளர்த்துவது, மூட்டை மெதுவாக அதன் எல்லை வரை அசைத்து அசைத்து விடுவது, நோயாளியை எதிர்த்துத் தள்ளச் சொல்லிச் சட்டென்று தளர்த்துவது. இவை எல்லாம் பார்ப்பதற்குச் சுவாரஸ்யமே இல்லாத விஷயங்கள். அதனால் வீடியோவில் வருவதில்லை. மூட்டை எல்லை வரை கொண்டுபோய்க் குறுகிய வேகத்தில் ஓர் உந்து உந்துவது இன்னொரு வகை. சத்தம் அதில்தான் வருகிறது.

அந்தச் சத்தத்தில் எலும்பு எதுவும் ‘இடத்துக்குத் திரும்பி’ வருவதில்லை. திருஷ்டி கழிக்கும் பாட்டிகள், குழந்தையின் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து முறிக்கும் நெட்டியும் இதே சத்தம்தான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது ஒரு வாயுக்குழி உருவாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர், விரலை இழுத்து நெட்டி முறியும் கணத்தை எம்.ஆர்.ஐ.யில் படமே பிடித்துவிட்டார்கள். நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று அம்மா சொன்னதைச் சோதிக்க, அறுபது வருடத்துக்கும் மேலாக ஒரு கை விரல்களை மட்டும் நெட்டி முறித்துக்கொண்டே இருந்தார் டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க மருத்துவர். இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை. அதற்காக 2009-ல் அவருக்கு ‘இக் நோபல்’ என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது.

ஆக, சத்தம் வந்தால் சிகிச்சை பலித்தது, வராவிட்டால் காசு வீண் என்று கணக்குப் போட வேண்டாம். ‘உங்க எலும்பு விலகியிருக்கு, நான் உள்ளே தள்ளிட்டேன்’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நிற்பது நல்லது. ‘விலகியிருக்கு’ என்ற சொல்லே ஒரு நோய். அதைக் கேட்டுவிட்டு, குனியப் பயந்து, நடக்கப் பயந்து வருடக்கணக்கில் முடங்கிப்போனவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

கழுத்து விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நான்கு குழாய்கள் கழுத்து வழியாகப் போகின்றன. அதில் இரண்டு, கழுத்தெலும்பின் ஓட்டைகளுக்குள்ளேயே புகுந்து ஏறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதத்தில் முடிந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல் இதை ஆராய்ந்தது. சொடுக்கியதால்தான் கிழிந்ததா, ஏற்கெனவே கிழியத் தொடங்கிய குழாயின் வலிக்காகத்தான் அவர்கள் சொடுக்கப் போனார்களா என்பது உறுதியாகவில்லை. ஆனாலும் இப்படி ஒரு தொடர்பு இருப்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அந்தச் சங்கம் கூறியது. நிகழ்வது மிக அரிது. ஆனால் நிகழ்ந்தால் திருத்த முடியாதது.

எனவே, ‘கழுத்தைச் சொடுக்க வேண்டாம், மெதுவான முறையில் செய்யுங்கள்’ என்று சொல்வதில் தவறே இல்லை. தெரிந்த ஆஸ்டியோபாத் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இதுவரை வராத மாதிரி திடீர்க் கழுத்துவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், முகம் ஒருபக்கம் இழுத்தல் இருந்தால் எந்தக் கைச் சிகிச்சைக்கும் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முடி வெட்டி முடிந்ததும் சலூனில் ‘சும்மா’ ஒரு சொடுக்கு போடுவார்களே, அதற்கும் சேர்த்தே இந்த வார்த்தை. படித்துப் பயிற்சி பெற்றவர்களே தயங்கும் இடம் அது.

எதற்குப் பலன், எதற்கு இல்லை?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் கீழ்முதுகு வலியோடு இருந்தவர்கள் 61.9 கோடிப் பேர். இவ்வளவு பேருக்கு வரும் ஒரு வலிக்கு இன்னும் ஒரே மருந்து கிடைக்கவில்லை என்பதுதான் இத்தனை கைச் சிகிச்சைகளும் பிழைத்திருக்கக் காரணம்.

ஆறுதலான செய்தி, புதிதாக வந்த முதுகுவலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும். சங்கடமான செய்தியும் அதுதான். மூன்றாவது வாரம் யாரிடம் போயிருந்தாலும் அவருக்குத்தான் பெயர் கிடைக்கும். தைலத்துக்கும், கோயில் வேண்டுதலுக்கும், ஆஸ்டியோபாத்துக்கும் ஒரே நேரத்தில்.

பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதுகுவலிக்குக் கைச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஒரு நிபந்தனையோடு: உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான், தனியாக அல்ல. பிரான்சில் 400 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. பாதிப் பேருக்கு உண்மையான ஆஸ்டியோபதி, மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரியான பாவனைச் சிகிச்சை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அன்றாட வேலைகளைச் செய்ய முடிவதில் உண்மைச் சிகிச்சைக்காரர்கள் சற்றே மேலே இருந்தார்கள். ஆனால் அந்த வித்தியாசம் நோயாளியே உணர்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வாய்ப்பில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

இதை வைத்து ‘எல்லாம் பம்மாத்து’ என்றும் சொல்லிவிட முடியாது. வலிநிவாரணி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். அதோடு ஒப்பிட்டால், முறையாகச் செய்யப்படும் கைச் சிகிச்சை கொஞ்சம் இளைப்பாற வைத்து, திரும்ப நடக்கத் துணிச்சல் கொடுத்தால் அதுவும் ஒரு லாபம்தான். ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உங்கள் வலியைக் காதுகொடுத்துக் கேட்பதே இந்தக் காலத்தில் பாதி மருந்து.

ஆனால் ஆஸ்துமா, காது சீழ், சர்க்கரை, குழந்தை பிறக்காமை என்று போர்டில் பட்டியல் நீண்டால் அங்கேயே நின்றுவிடலாம். மண்டையோட்டைத் தொட்டு, அதன் எலும்புகளின் ‘துடிப்பை’ உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு கிளையும் உண்டு. வயிற்றுவலியில் வீறிடும் பச்சைக் குழந்தைகளைக்கூட அதற்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு நம்பும்படியான சான்று இல்லை. பச்சைக் குழந்தை விடாமல் அழுதால் குழந்தைகள் மருத்துவர்தான்.

நம்மூரில்...

பிரிட்டனில் இருப்பதுபோல ஆஸ்டியோபதிக்கென்று சட்டப்படியான தனிப் பதிவேடு இந்தியாவில் இல்லை. ஆயுஷ் முறைகளின் பட்டியலிலும் அது கிடையாது. இங்கே போர்டு மாட்டியிருப்பவர்களில் பலர் பிசியோதெரபி பட்டம் பெற்று, பிறகு ஆஸ்டியோபதிப் பயிற்சி எடுத்தவர்கள். வார இறுதிப் பயிற்சி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் அதே போர்டை மாட்டலாம். தடுக்க ஆளில்லை. எனவே லண்டன் மகன் இணையத்தில் தட்டிப் பார்ப்பதை, மதுரைக்காரர் வாய் திறந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “உங்க அடிப்படைப் படிப்பு என்னங்க? ஆஸ்டியோபதியை எங்க, எத்தனை வருஷம் படிச்சீங்க?” கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நம்மிடமும் தொட்டுச் செய்யும் வைத்தியத்துக்குக் குறைவில்லை. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் தொக்கணமும் ஒன்று. வர்மம் இருக்கிறது. சித்தா படித்துப் பதிவுபெற்ற மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு வண்டி ஏறும் பழக்கமும் இன்னும் போகவில்லை. இவற்றை எல்லாம் ஆஸ்டியோபதியோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விழுந்து அடிபட்ட வலி என்றால் இதில் எதற்கும் முன்னால் ஓர் எக்ஸ்ரே. முறிந்த எலும்பு ஆஸ்டியோபாத் கைவைக்கும் இடம் அல்ல.

இன்னொன்று, காசு. ‘இருபது சிட்டிங், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி’ என்ற பேச்சு வந்தால் பர்ஸை மூடிவிடுங்கள். முதல் நாளே இருபது முறை தேவை என்று எந்த முதுகும் சொல்வதில்லை. மூன்று நான்கு முறை போன பிறகும் அசைவதில், தூங்குவதில், நடப்பதில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் தொடர்வதில் அர்த்தமில்லை. ‘எத்தனை தடவை வரணும், எப்போ நிறுத்தணும்?’ என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க மாதம் ஒருமுறை ‘பராமரிப்பு’க்கு வரச் சொல்வது, ஸ்கூட்டர் சர்வீசுக்குச் சரி.

சிகிச்சை முடிந்த அன்றும் மறுநாளும் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலிப்பது பலருக்கும் நடப்பதுதான். ஓரிரு நாளில் அடங்கிவிடும். வண்டியில் நீண்ட தூரப் பயணத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டாம். முதுகுவலிக்குப் படுக்கை ஓய்வு நல்லது என்ற காலம் மலையேறிவிட்டது. வீட்டுக்குள்ளேயாவது நடக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்யாமல் அடுத்த சிட்டிங்குக்கு மட்டும் ஒழுங்காகப் போவது நம் ஆட்களின் கெட்ட பழக்கம். வலி குறையாமல் கால் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தளர்ந்தாலோ, சிறுநீர் விஷயத்தில் மாற்றம் தெரிந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

லண்டன் வீட்டுக்கே திரும்புவோம். பல கிளினிக்குகள் முன்பதிவு செய்ததும் ஒரு கேள்விப் படிவத்தைப் போனுக்கே அனுப்பிவிடுகின்றன. அப்படி வந்த படிவத்தை, மகன் அல்ல, மருமகள் சமையலறையில் நின்றபடி அத்தைக்குத் தமிழில் வாசித்துக் காட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேள்வி வரும்போது குக்கர் சத்தத்துக்கு நடுவே அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். பிறகு சொல்கிறார். “ரெண்டு நாளா அது எப்போ போகுதுன்னே தெரியல்லம்மா.”

மருமகள் அடுப்பை அணைக்கிறாள். கிளினிக்குக்குப் போன் செய்தால், “இங்கே வராதீர்கள், இப்போதே எமர்ஜென்சிக்குப் போங்கள்” என்பதுதான் எந்தப் பொறுப்பான ஆஸ்டியோபாத்தும் சொல்லும் பதிலாக இருக்கும். கைப்பையில் மாத்திரை அட்டைகள், பாஸ்போர்ட், ஒரு ஸ்வெட்டர். மகன் காரை எடுக்க, பின்சீட்டில் மருமகள் அத்தை பக்கத்தில் ஏறி உட்கார்கிறாள்.